தேய்ந்த புஷ்ஷும் திறந்த டிராயிங்கும்

காங்கேயம் பக்கத்தில் மாமா தோட்டத்தில் தட்டு வெட்டும் மெஷின் ஒருநாள் நின்றுபோனது. சோளத்தட்டை உள்ளே இழுக்கிற உருளையின் ஒரு முனையில் இருந்த கன்மெட்டல் புஷ் (சுற்றுகிற தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து, ஷாஃப்ட் என்கிற அந்தத் தண்டு கடகடவென்று ஆட ஆரம்பித்திருந்தது. மெஷினைச் செய்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஸ்பேர் கிடைக்காது. "கோயமுத்தூருக்குத்தான போற? கணபதில ஏதாச்சு லேத்துப் பட்டறைல குடுத்து இதே மாதிரி ஒண்ணு போட்டுட்டு வந்துரு கண்ணு" என்று புஷ்ஷைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார் மாமா.

பட்டறையில் லேத்தில் கடைசல் வேலை செய்யும் டர்னர் அறுபதைத் தாண்டியவர். வெர்னியர் என்ற அளவுகோலை உள்ளே விட்டு ஒருமுறை அளந்தார். புஷ்ஷைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அளந்தார். முதலில் 25.6 மி.மீ., அப்புறம் 26.1. வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது.

"ஏனுங்க தம்பி, இதப் பாத்து அப்படியே போட்டா, தேஞ்சதையும் சேத்தில்லீங்க போட்டுக் குடுக்கோணும்? டிராயிங் இருக்குதுங்களா?"

இல்லை. "செரி, ஷாஃப்ட்டாவது கொண்டாந்தீங்களா?" அதுவும் இல்லை. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினேன்.

‘ஓப்பன் ஹார்டுவேர்’, ‘திறந்த உற்பத்தி’ என்றெல்லாம் மேடைகளிலும் கல்லூரிக் கண்காட்சிகளிலும் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அதை ஓசி என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் காப்பி என்று நினைக்கிறார்கள். அந்த டர்னர் கேட்ட இரண்டு கேள்விகளில் விஷயம் முழுக்க இருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதை என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓசியா, வீடியோவா, காப்பியா?

முதலில் பெயரை ஒழுங்காகச் சொல்லிவிடுவோம். ஒரு பொருளைச் செய்யவும், பழுது பார்க்கவும், தேவைக்கேற்ப மாற்றவும் வேண்டிய விவரம் அத்தனையையும், "யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்" என்ற வெளிப்படையான அனுமதியோடு பொதுவில் வைப்பதுதான் திறந்த உற்பத்தி அறிவு. அப்படி விவரம் வெளியான கருவியை ஓப்பன் ஹார்டுவேர் என்கிறார்கள்.

விவரம்தான் பொதுவே தவிர, பொருள் இலவசம் இல்லை. இரும்புக்குக் காசு, கரண்டுக்குக் காசு, டர்னருக்குக் கூலி. எல்லாம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

வீடியோவைச் சொல்கிறார்கள். ஒருவர் வெல்டிங் வைத்துத் தேங்காய் உரிக்கும் கருவி செய்வதைப் பத்து நிமிஷம் பார்த்தால் ஆசை வரும், அளவு வராது. எந்தப் பல் எத்தனை மி.மீ. கனம், என்ன இரும்பு, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது வீடியோவில் இருக்காது.

காப்பி என்பதில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் இதைப் பெருமையாகவே சொல்வோம்: "கோயமுத்தூர்ல ஒருத்தன் மோட்டார் செஞ்சா, அடுத்த வருஷம் அந்த வீதியில பத்துப் பேரு செய்வானுங்க." அதில் உண்மை உண்டு. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்த பிறகு, ஒரு தொழிற்சாலையில் கற்றவர் வெளியே வந்து தனிப் பட்டறை போடுவதும், அவரிடம் கற்றவர் இன்னொன்று போடுவதுமாக ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் என்று தொழில் பரவியது. ஆனால் அது கை வழியாகப் போன அறிவு. அண்ணன் மகனுக்குப் போனது, பங்காளிக்குப் போனது, கூட வேலை பார்த்தவனுக்குப் போனது. பக்கத்து வீதியில் இருந்த பெண்ணுக்குப் போகவில்லை. பட்டறை வாசலை மிதிக்கவே முடியாத ஜனங்களுக்கும் போகவில்லை. யாருக்குப் போகும் என்பதை உறவும் ஜாதியும் பழக்கமும் முடிவு செய்தன. நம் ஆட்கள் ‘எங்க ஊர்ல எல்லாமே ஓப்பன்தான்’ என்று சொல்லும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: திறந்திருப்பது விவரம், பொருள் இல்லை. கசிந்து வந்த அறிவு வேறு, எழுதி அனுமதியோடு வைத்த அறிவு வேறு.

வாசலில் இருக்கும் கோலம், நோட்டில் இருக்கும் கோலம்

மார்கழி மாதம் காலையில் எதிர்வீட்டு வாசலில் பெரிய கோலம். பார்க்கலாம், ரசிக்கலாம், போனில் போட்டோ எடுக்கலாம். அதையே நாளைக்கு நம் வாசலில் போட முடியுமா? பழகிய கையாக இருந்தால் ஓரளவு முடியும். மற்றவர்களுக்கு எங்கோ ஒரு சுழி சிக்கிக்கொள்ளும்.

அந்த வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டால், நோட்டைத் திருப்பி, "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8ல நிறுத்து" என்பார். நடுவில் 15, அதற்கு மேலும் கீழும் இடைவெளியில் 14, 13 என்று குறைத்துக்கொண்டே 8 வரை. அவ்வளவு தெரிந்தால் புள்ளிக் கட்டம் அச்சு மாறாமல் வந்துவிடும். எங்கே ஆரம்பித்து எப்படிச் சுற்றுவது என்பதையும் நோட்டில் அம்புக்குறி போட்டு வைத்திருந்தால், திருப்பூரில் இருக்கும் அவர் தங்கையும் அதையே போடலாம்.

வாசலில் இருப்பது பொருள், நோட்டில் இருப்பது டிராயிங். நோட்டைக் கொடுத்ததால் அக்காவின் கோலத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. தங்கை அதில் ஒரு தாமரையைச் சேர்த்தால், அது திரும்ப அக்காவின் நோட்டுக்கும் வரலாம்.

கோலத்தில் தப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். இரும்பில் அப்படி இல்லை. அதனால்தான் இரும்புக்கான நோட்டில் இன்னும் சில விஷயங்கள் வேண்டியிருக்கின்றன.

நோட்டில் என்னென்ன இருக்க வேண்டும்

டர்னர் கேட்டதிலிருந்தே போகலாம். அடுத்த வாரம் ஷாஃப்ட்டையும் கழற்றிக்கொண்டு போனேன். தேயாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். 24.97. "அப்ப இது 25 ஷாஃப்ட்டுங்க" என்றார். எனக்குக் குழப்பம். 24.97 எப்படி 25 ஆகும்?

25 என்பது பெயருக்கான அளவு. எந்த லேத்திலும் அச்சு அசலாக 25.000 வராது. அதனால் டிராயிங் போடுகிறவர், இதிலிருந்து இதற்குள் இருந்தால் சரி என்று ஒரு வரம்பு கொடுப்பார். ஷாஃப்ட் 24.96 முதல் 24.98 வரை, புஷ் ஓட்டை 25.00 முதல் 25.02 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி அனுமதிக்கிற கூடுதல் குறைவுக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். மேற்சொன்ன கணக்கில் எந்த ஷாஃப்ட்டை எந்தப் புஷ்ஷில் போட்டாலும் நடுவில் குறைந்தது 0.02, அதிகபட்சம் 0.06 மி.மீ. இடைவெளி இருக்கும். தலைமுடி கனத்துக்குள் அடங்குகிற இடைவெளி. அதில் எண்ணெய் நிற்கும், ஷாஃப்ட் வழுக்கிச் சுற்றும். இடைவெளியே இல்லாவிட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் மாமாவின் மெஷின் மாதிரி கடகடவென்று ஆடும். வளையல் வாங்கும்போது இரண்டே நாலா, இரண்டே ஆறா என்று பார்ப்பதும் இதே கணக்குத்தான். மணிக்கட்டில் ஆடவும் வேண்டும், கழன்று விழவும் கூடாது.

டாலரன்ஸின் பெரிய பலன் வேறு ஒன்று. ஷாஃப்ட்டைக் கோவையில் ஒருவர் கடையலாம், புஷ்ஷைத் தாராபுரத்தில் இன்னொருவர் போடலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றாலும் பொருந்தும். மாமாவின் புஷ்ஷைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று சாம்பிள் வழியாகவே போனால், ஒவ்வொரு காப்பியிலும் அளவு கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நாலாவது காப்பி முதல் ஷாஃப்ட்டில் ஏறாது.

அடுத்தது உலோகம். மஞ்சளாக மின்னுகிறது என்பதற்காகப் பித்தளையில் போட்டுவிடக்கூடாது. பித்தளையில் செம்போடு துத்தநாகம் இருக்கும். கன்மெட்டலில் செம்போடு வெள்ளீயம் முக்கியம், தேய்மானத்தை அது நன்றாகத் தாங்கும். டிராயிங்கில் உலோகத்தின் பெயர் இல்லாவிட்டால் விலை குறைந்ததுதான் வரும். (என் அனுபவத்தில் எப்போதும்.) அதற்கப்புறம் செய்முறை, பொருத்தும் வரிசை, முக்கியமாகச் சோதனை. செய்து முடித்ததும் எதைச் செய்து பார்த்தால் இது சரி என்று தெரியும்? அதையும் எழுத வேண்டும். கடைசியாக அனுமதி. அதற்குத் தனியாக வருகிறேன்.

சுருக்கமாக: வடிவம், அளவு, டாலரன்ஸ், உலோகம், செய்முறை, சோதனை. இவை இருந்தால்தான் முன்பின் பார்க்காத ஒருவர் அதே பொருளைச் செய்ய முடியும்.

கோவை மாவட்டத்து அடிபம்பு

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் வெளிநாட்டில் இல்லை. நம் ஊர் பஞ்சாயத்து அடிபம்பு. பச்சையோ நீலமோ பெயின்ட் அடித்து, சிமென்ட் மேடையில் மூன்று காலில் நிற்குமே, அதுதான். அதற்கு இந்தியா மார்க் டூ என்று பெயர்.

1960களின் வறட்சிக்குப் பிறகு பாறையைத் துளைத்து ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். மேலே வைத்தது வார்ப்பிரும்புப் பம்பு. ஒரு குடும்பம் உபயோகிக்கிற கணக்கில் வெளிநாட்டில் செய்த வடிவத்தின் காப்பி. இங்கே ஊரே வரிசையில் நின்று காலையிலிருந்து இரவு வரை அடித்தது. பம்புகள் சீக்கிரமே உடைந்து, கிணறு இருந்தும் தண்ணீர் இல்லாமல் போனது.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்து, சங்கிலி போட்டுச் செய்த ஒரு பம்பு நன்றாகத் தாக்குப்பிடித்தது. அதை அடிப்படையாக வைத்து யுனிசெஃப், சென்னையில் இருந்த மெராடோ என்ற இயந்திரவியல் ஆய்வு நிறுவனம், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற அரசு நிறுவனம் ஆகியவை சேர்ந்து 1970களின் நடுவில் புது வடிவத்தை உருவாக்கின. முதல் மாதிரிகளைச் சோதித்தது நம் கோவைப் பக்கத்தில். காரணம் எளிது, இங்கே தண்ணீர் ஆழத்தில் இருந்தது. ஆழத்தில் தாங்கினால் எங்கும் தாங்கும்.

அடுத்த முறை ஒரு பம்பைப் பார்த்தால் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கைப்பிடி உள்ளீடில்லாத குழாய் மாதிரி இருக்காது, கெட்டி இரும்புக் கம்பியாக இருக்கும். அந்தக் கனம் வேண்டுமென்றே வைத்தது. கிணற்றுக்குள் தொங்குகிற கம்பியின் எடைக்கு அது எதிர் எடை, அதனால்தான் சின்னப் பெண்ணும் அடிக்க முடிகிறது. கைப்பிடி சுற்றும் இடத்தில் பால் பேரிங். கம்பியை இழுப்பது ஒரு சங்கிலி. சங்கிலி வளைந்து கொடுப்பதால் கம்பி நேராக மேலும் கீழும் போகும், பக்கத்தில் உரசாது.

இந்த வடிவத்துக்கு யாரும் காப்புரிமை (பேட்டன்ட்) பூட்டு போடவில்லை. அளவு, உலோகம், டாலரன்ஸ், சோதனை எல்லாவற்றையும் ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தர அளவாக அச்சிட்டு வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அந்த அளவுக்கு வர வேண்டும். வந்திருக்கிறதா என்று பார்க்க, செய்தவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஆள் வந்து சோதிப்பார். நாடு முழுக்கப் பல பட்டறைகள் இதைச் செய்தன. ஒரு கம்பெனி செய்த பம்பில் இன்னொரு கம்பெனியின் சங்கிலி பொருந்தியது. ஆப்பிரிக்காவுக்கும் போனது.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மார்க் டூவில் ஒரு குறை. கிணற்றுக்குள் இருக்கும் பிஸ்டனில் தோல் வாஷர் இருக்கும். அது தேய்ந்தால், 30 மீட்டர் ஆழக் கிணற்றில் 3 மீட்டர் குழாய் பத்தையும் ஒன்றொன்றாகக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முக்காலி, கப்பி, வேன், நாலைந்து ஆட்கள். ஒரு சின்ன வாஷருக்கு இத்தனை பாடு. வேன் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும்.

1983ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் கைகோத்து, மறுபடி கோவை மாவட்டத்திலேயே, பல வருஷம் நீண்ட களச் சோதனையைத் தொடங்கின. ஊருக்குள் நிற்கிற பம்புகளில் எது எப்போது தேய்கிறது, எப்போது உடைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டார்கள், பல மடங்கு உழைத்தது. கீழே இறங்கும் குழாயைப் பிஸ்டனைவிட அகலமாக்கினார்கள். இப்போது குழாயைத் தொடவே வேண்டாம், கம்பியை மட்டும் உருவினால் பிஸ்டன் அதோடு மேலே வந்துவிடும். உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் துணைக்கு ஓர் ஆளும் போதும். இதற்கு இந்தியா மார்க் த்ரீ என்று பெயர்.

வடிவம் பொதுவில் இல்லாமல் ஒரு கம்பெனியின் பீரோவில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்கலாம். ஆனால் வேன் அனுப்பிச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு வேன் தேவைப்படாத பம்பைக் கண்டுபிடிக்க என்ன அவசரம்?

ஒன்றையும் மறைக்க வேண்டாம். அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீரில் இதன் இரும்புக் குழாய் அரித்துப்போகிறது என்பது பிற்பாடு ஆப்பிரிக்க நாடுகளில் பெரிய தலைவலியானது. ஒரு ஊரில் சோதித்த வடிவம் எல்லா ஊர்த் தண்ணீருக்கும் ஒத்துவராது.

இந்தப் பகுதியின் சாரம்: அடிபம்பு பரவியதற்கு டிராயிங் பொதுவில் இருந்தது மட்டும் காரணம் இல்லை. பொதுவான தர அளவும், மூன்றாம் ஆளின் சோதனையும், ஊரில் கிடைத்த அனுபவம் திரும்பி டிராயிங்குக்குள் போனதும் சேர்ந்தே வேலை செய்தன.

யாருக்கு உரிமை, யாருக்கு அனுமதி

காப்புரிமை என்றால் ரகசியம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். புதிதாகக் கண்டுபிடித்ததை முழுக்க எழுதிக் கொடுத்துவிடு, பதிலுக்கு 20 வருஷம் அதை நீ மட்டும் வியாபாரமாகச் செய்யலாம் என்று அரசு செய்துகொள்கிற பேரம் அது. 20 வருஷம் முடிந்தால் எல்லோருக்கும் சொத்து. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1989ல் விண்ணப்பித்த காப்புரிமை 2009ல் முடிந்தது. அதற்குச் சில வருஷம் முன்பே பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ரெப்ராப் என்ற திறந்த வடிவம் தயாராகத் தொடங்கியிருந்தது. அந்த இயந்திரம் இன்று கல்லூரி லேப் மேசையில் உட்கார்ந்திருப்பதற்கு இந்த இரண்டும் காரணம்.

எழுதிப் பொதுவில் வைப்பதே ஒரு வேலி என்பதற்கு மஞ்சள் கதை போதும். ஈரோட்டுச் சந்தையில் மூட்டை மூட்டையாக விற்கிற அதே மஞ்சள். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்தது. "எங்க ஆத்தா காலத்துல இருந்து பூசறோம்" என்று வாயால் சொன்னால் அங்கே எடுபடாது. பழைய சமஸ்கிருத நூல்களும், 1953ல் இந்திய மருத்துவ இதழில் அச்சான கட்டுரையும் சாட்சிக்கு வந்தன. 1997ல் காப்புரிமை ரத்தானது. முன்பே அச்சில் இருந்ததால் அதைப் ‘புதிது’ என்று யாரும் பூட்ட முடியவில்லை.

அதேசமயம் ஓர் எச்சரிக்கை. உங்கள் கண்டுபிடிப்பை நீங்களே முதலில் பொதுவில் போட்டுவிட்டால், பிறகு அதற்குக் காப்புரிமை வாங்குவது பெரும்பாலும் முடியாது. யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

டிராயிங்கைப் பொதுவில் வைப்பவர் அனுமதியையும் எழுதித் தர வேண்டும். இதற்குத்தான் லைசென்ஸ். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2011ல் கருவிகளுக்கென்றே ஒரு திறந்த லைசென்ஸ் எழுதியது. இத்தகைய லைசென்ஸ்களில் பெரிய வகை இரண்டு. ஒன்று, எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய் என்பது. இன்னொன்று, எடுத்துக்கொள், ஆனால் நீ மாற்றியதையும் இதே மாதிரி பொதுவில் வை என்பது. கோல நோட்டில் தாமரை சேர்த்த தங்கை அதை அக்காவுக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் இரண்டாவது.

நம் ஊர் முருகானந்தம் செய்த மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைப் பலர் ‘ஓப்பன்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அவர் காப்புரிமை வாங்கினார். ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரத்தைக் கொடுத்து, அவர்களே செய்து அவர்களே விற்கும்படி செய்தார். 2016ல் பத்மஸ்ரீ வந்தது. அதில் பூட்டு இருக்கிறது, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்தார். அந்தப் பெண்களுக்குத் தொழில் கிடைத்தது நிஜம். திறந்த டிராயிங் ஒன்றுதான் வழி என்று அடித்துப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோவை வெட் கிரைண்டருக்கு 2005-06ல் கிடைத்த புவிசார் குறியீடும் வேறு சங்கதி. அது பெயரைக் காக்கும், செய்முறையைப் பூட்டாது.

நார்க்கழிவும் சாயத் தண்ணீரும்

‘நீடித்து நிற்கும்’ உற்பத்தி என்ற சொல்லை இன்னும் கண்டபடி பயன்படுத்துகிறார்கள். என் கணக்கில் அதற்கு இரண்டு கேள்வி போதும். உடைந்தால் இங்கேயே சரிசெய்ய முடியுமா? மிச்சம் எங்கே போகிறது?

முதல் கேள்விக்குப் பதில் அடிபம்பிலேயே வந்துவிட்டது. இரண்டாவதற்குப் பொள்ளாச்சிப் பக்கம் போகலாம். தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு மலையாகக் குவிவது நார்க்கழிவு. அப்படியே வயலில் கொட்டினால் எளிதில் மட்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதை உரமாக்கும் முறையை எழுதி வெளியிட்டிருக்கிறது. 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, மேலே சிப்பிக் காளான் வித்து ஒரு பாட்டில் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு 1 கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. ஆக ஒரு டன்னுக்கு 5 பாட்டில் வித்து, 5 கிலோ யூரியா. ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் கழிவு மட்கிக் கருப்பாகிவிடும். பாருங்கள், இதுவும் ஒரு டிராயிங்தான். அளவு இருக்கிறது, பொருள் இருக்கிறது, வரிசை இருக்கிறது, கருப்பானதா என்ற சோதனையும் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

திருப்பூர்ச் சாயத் தண்ணீரின் கதை இவ்வளவு சுலபமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் தண்ணீரையும் மறுபடி சாயம் போடவே பயன்படுத்தும் முறைக்குப் போனார்கள். அதற்கு மிகப் பெரிய முதலீடு வேண்டும், பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துத்தான் முடிந்தது. செய்முறை தெரிந்தால் மட்டும் போதாத இடங்கள் இருக்கின்றன. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறைக்காரரின் நியாயமான பயம்

"எல்லாத்தையும் வெளிய போட்டா, நாளைக்கே பக்கத்துப் பட்டறைக்காரன் நூறு ரூவா கொறச்சுக் குடுப்பானுங்க. அப்பறம் நான் என்ன பண்றது?" என்று டர்னரே கேட்டார். நியாயமான கேள்வி. குறைத்துக் கொடுப்பான்தான்.

பிறருக்காகச் செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டரில் வருகிற டிராயிங் ஆர்டர் கொடுத்தவருடையது. அதை வெளியிட நமக்கு உரிமை இல்லை, அதைத் தொடவே கூடாது. நாமே உருவாக்கி, நமக்குச் சோறு போடுகிற பொருளையும் நாளைக்கே திறந்துவிடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பூட்டி வைத்தும் யாருக்கும் லாபமில்லாத விவரங்கள் ஏராளம் கிடக்கின்றன. மூடிப்போன கம்பெனிகளின் ஸ்பேர், தோட்டத்துக் கருவிகள், தறியின் சின்னச் சின்னப் பாகங்கள். இவற்றின் அளவைப் பொதுவில் வைத்தால் டர்னருக்கு வேலை குறையாது, கூடும். அவரிடம் சாம்பிள் எடுத்துவந்து வெறுங்கையோடு திரும்புகிற என்னைப் போன்றவர்கள் வேலை கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று, டிராயிங் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்பதும் பொய். புஷ்ஷை லேத்தின் பிடியான சக்கில் எவ்வளவு இறுக்கினால் அது நசுங்காது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். அந்தக் கைக்குத்தான் கூலி. பிரஷர், கரண்டு, வேகமாகச் சுற்றும் கத்தி சம்பந்தப்பட்ட கருவிகளில் இது உயிர்ப் பிரச்சினை. சோதனை முறை எழுதாத டிராயிங்கை வைத்து அவற்றைச் செய்யவே கூடாது.

காலண்டர் தாள்

டர்னர் புஷ்ஷைப் போட்டு முடித்தார். ஷாஃப்ட்டை உள்ளே விட்டுக் கையால் சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லை. கிளம்பும்போது, "கொஞ்சம் இருங்க" என்று சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் வரைந்தார். இரண்டு வட்டம், பக்கவாட்டுத் தோற்றம், நீளம், வெளி விட்டம், உள் விட்டம், டாலரன்ஸ், ‘கன்மெட்டல்’. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். "பேரு போடட்டுங்களா?" என்று நான் கேட்டதற்கு, "பட்டற பேரெல்லாம் வேண்டாமுங்க, தேதி போடுங்க" என்றார். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா" என்றார். அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மெஷின் மூடியின் உள்பக்கம் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினோம். அதே மெஷின் வைத்திருக்கிற இன்னொரு தோட்டத்துக்காரர் போனில் படம் பிடித்துப்போய்த் தாராபுரத்தில் போடக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்த பட்டறைக்காரர் மாமாவுக்குப் போன் செய்தார். அளவெல்லாம் சரி, எண்ணெய் விடுகிற ஓட்டை எந்தப் பக்கம், எத்தனை மி.மீ. என்று தாளில் இல்லையே என்று கேட்டார்.

உண்மைதான், விட்டுப்போயிருந்தது. மாமா மெஷினைத் திறந்து பார்த்துச் சொன்னார். மேல் பக்கம், நடுவில், 4 மி.மீ. அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனபோது காலண்டர் தாளில் ஒரு சின்ன வட்டத்தைச் சேர்த்து, பழைய தேதிக்குக் கீழே புதுத் தேதியைப் போட்டு, ‘திருத்தம் 1’ என்று எழுதினேன்.